கம்புக்கு மூன்று பேர்

எங்கள் காலனியில் 'சிலம்பம்' என்ற சொல்லைக் கேட்டு நான் வளரவில்லை. கம்பு. அவ்வளவுதான். "கம்புக்குப் போறேன்", "கம்பு வாத்தியாரு வந்துட்டாரு", "அவனுக்குக் கம்பு தெரியும், வம்பு வெச்சுக்காத." கையில் எது இருக்கிறதோ அதன் பேரே விளையாட்டின் பேர். மம்முட்டி பிடித்தவனுக்கு மம்முட்டி வேலை, உளி பிடித்தவனுக்கு உளி வேலை, கம்பு பிடித்தவனுக்குக் கம்பு. இந்தப் பேருக்கு வேர் தேட வேண்டும், வரலாறு எழுத வேண்டும் என்று எங்கள் சனங்களுக்குத் தோன்றியதில்லை.

தேட வேண்டிய அவசியம் இப்போது வந்திருக்கிறது. என் தங்கச்சி மகள் கீழ்க்கட்டளையில் ஒரு சிலம்ப வகுப்புக்குப் போகிறாள். சீருடை, மாதக் கட்டணம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு. தேர்வுக்கு மனப்பாடம் செய்ய ஒரு பக்கம் ஜெராக்ஸ் கொடுத்திருந்தார்கள். தலைப்பு 'சிலம்பத்தின் தோற்றம்'. ஐயாயிரம் வருஷத்துக் கலை, அகத்திய முனிவர் அருளியது, மூவேந்தர் வளர்த்தது என்று போகிறது. முனிவர் இருக்கிறார், ராஜா இருக்கிறார், படைத்தளபதி இருக்கிறார். வேலை செய்து பிழைத்த ஒரு ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை.

பிள்ளை கேட்டது இதுதான்: "மாமா, நம்ம தாத்தா சுத்தினதும் சிலம்பந்தானா? சாவுல சுத்துறது சிலம்பம் இல்லையாம், வெறும் கம்பாம். மாஸ்டர் சொன்னாரு."

அந்த மாஸ்டரின் பேரோ வகுப்பின் பேரோ இங்கே தேவையில்லை. அவர் ஒருவர் மட்டும் சொல்கிற விஷயமில்லை இது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால், பிள்ளை கையில் இருக்கிற கம்பு அவள் முப்பாட்டன் கையில் இருந்த கம்பு இல்லை என்று ஆகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் கேட்ட தாத்தா என்னுடைய தாத்தா. திரிசூலம் மலையில் கல் உடைத்தவர். பகலெல்லாம் சம்மட்டி பிடித்த கை, பொழுது சாய்ந்ததும் கம்பு பிடிக்கும். ஏரியில் தண்ணி வத்தின மாசங்களில் ஏரிக்குள்ளேயே ஒரு மேட்டுப் பக்கம் பயிற்சி நடக்கும். முதல் மாசம் கம்பைத் தொடவே விடமாட்டார். காலடிதான். "கால் ஒழுங்கா நின்னா கை தானா வரும்டா" என்பார். அப்புறம்தான் ஒத்தக்கை வீச்சு, ரெட்டைக்கை வீச்சு. கம்பு நிற்க வைத்தால் அவனவன் நெற்றி அளவுக்கு இருக்க வேண்டும். அடுத்தவன் கம்பு உனக்கு ஆகாது. கட்டணம் வெத்தலை பாக்கும் ஒரு ரூபாயும். ஆட்டம் தொடங்கும்முன் பூமியைத் தொட்டுக் கும்பிட்டு, நாலு திசைக்கும் வணக்கம் வைக்கிற ஒரு வரிசை உண்டு. அதற்கு அவர் சொன்ன பேர் 'சலாம் வரிசை'. இந்தச் சலாமுக்குப் பிறகு வருகிறேன்.

சாவு விழுந்தால் பறை முன்னால் போகும், அதற்கு முன்னால் கம்பு போகும். பாடைக்கு வழி விடுகிற மாதிரி சுழற்றிக்கொண்டே போவார்கள். தாத்தா செத்தபோது அவரிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் வந்து சுழற்றினார்கள். அதைப் பார்த்தவர்களுக்கு, சாவில் சுத்துவது கலை இல்லை என்று சொன்னால் கோபம் வருமா வராதா?

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். ஆயா பிறந்த ஊர் செங்கல்பட்டுப் பக்கம். ஆடி மாசம் கூழ் ஊத்துகிற திருவிழா. சேரியிலிருந்து கரகம் கிளம்பியது. பறை, கம்பு, நெருப்புப் பந்தம் எல்லாம் உண்டு. ஊர்த்தெரு முனையில் நிறுத்திவிட்டார்கள். "மேளம் அடிச்சிக்கினு போங்க, கம்பு கூடாது" என்றார்கள். மேளம் என்றால் அவர்களுக்கு நாம் செய்கிற சேவகம். கம்பு என்றால் நம் கையில் இருக்கிற பலம். வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. பேச்சு முற்றியது, கைகலப்பானது, வழக்கும் வந்தது. அந்த வழக்குக் காகிதத்தில் கம்பு என்ற சொல்லும் இல்லை, சிலம்பம் என்ற சொல்லும் இல்லை. 'கொடிய ஆயுதம்' என்று இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 148ஆம் பிரிவு அதைத்தான் சொன்னது: கொடிய ஆயுதம் ஏந்திக் கலகம் செய்தல். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. அந்தக் குற்றம் புதியதிலும் இருக்கிறது.

ஆக ஒரே மூங்கில், மூன்று பேர். மைதானத்தில் சிலம்பம். சேரியில் கம்பு. ஸ்டேஷனில் கொடிய ஆயுதம். மூங்கில் மாறவில்லை. பிடித்திருக்கிற கை மாறுகிறது, பேரும் மாறுகிறது. ஒரு சண்டைக் கலையின் பேருக்கு வேர் தேடுகிறவர்கள் முதலில் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, அவர்கள் வழியிலேயே போய்ப் பார்ப்போம். சிலம்பு என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் பல பொருள் உண்டு. காலில் போடும் அணி சிலம்பு. ஒலிப்பது, எதிரொலிப்பது சிலம்புவது. மலைக்கும் சிலம்பு என்று பேர். மலைநாட்டுத் தலைவனைச் சிலம்பன் என்று சங்கப் பாட்டுகள் சொல்கின்றன. பேர் ஒத்துப்போகிறது என்பதற்காகக் கண்ணகி வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அந்தக் காப்பியத்தின் பேரில் இருப்பது கால் சிலம்பு, கம்பு இல்லை. மிச்சம் இருப்பது இரண்டு விளக்கம். கம்பு காற்றைக் கிழிக்கும்போது எழுகிற ஒலியால் வந்த பேர் என்பார்கள். மலையில் பிறந்ததால் வந்த பேர் என்பார்கள்.

இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மலை என்றால் மலையில் யார் இருந்தார்கள்? முனிவர் மட்டுமா இருந்தார்? குறிஞ்சி நிலத்து மக்கள் குறவர் என்று எல்லாப் பள்ளிப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது. தினை காத்தவர்கள், கிழங்கு அகழ்ந்தவர்கள், மிருகத்தை விரட்டக் கையில் கழி வைத்திருந்தவர்கள். மலை என்று சொல்லிவிட்டு, அந்த மலைக்காரனைத் தாண்டி நேரே அகத்தியரிடம் போய் நிற்பது எந்த ஊர் ஆராய்ச்சி? ஒலி என்றால் யாருடைய ஒலி? பறை இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் கம்பு எடுத்து நான் பார்த்ததில்லை. அடி மாறினால் கால் மாறும். கால் மாறினால் வீச்சு மாறும்.

ராஜாக்கள் சண்டைப் பேரை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மல் என்றால் பலம், மற்போர். மல்லன் என்றால் மற்போர் செய்கிறவன். 7ஆம் நூற்றாண்டுப் பல்லவ ராஜா நரசிம்மவர்மன் தன்னை மாமல்லன் என்று அழைத்துக்கொண்டான். பெரிய மல்லன். அது ஒரு ஊருக்கே பேராகி மாமல்லபுரம் என்று இன்றும் நிற்கிறது. ராஜா மல்லன் ஆனால் பட்டம். அதே சொல்லைக் கொண்டு, நாங்கள் மல்லர் என்று தெற்கே தேவேந்திரகுலத் தோழர்கள் எழுதினால் மட்டும் 'ஆதாரம் எங்கே?' என்று கேட்கிறார்கள். ராஜாவிடம் ஆதாரம் கேட்டவர்கள் யார்?

சேரியில் சண்டை கற்றவனுக்கு வந்த பேர்களையும் பார்க்க வேண்டும். மெட்ராஸில் குஸ்தி, பயில்வான், வஸ்தாது என்ற சொற்கள் எல்லாம் பாரசீக, உருதுப் புழக்கத்திலிருந்து வந்தவை. பயில்வான் என்பது பாரசீகத்துப் பஹல்வான். நம் சனங்கள் அதைப் 'பயில்' என்ற தமிழ்ச் சொல்லோடு இணைத்துக் காதுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள். வஸ்தாது என்பது உஸ்தாத். அதற்கு ஆசிரியர் என்று பொருள். ஒரு காலத்தில் பேட்டைக்குப் பேட்டை மரியாதையாக அழைக்கப்பட்ட அந்த ஆசிரியர் இன்று என்ன ஆனார்? "நீ என்னா பெரிய வஸ்தாதா?" என்று கிண்டல் செய்யும் சொல்லாகிவிட்டார். கற்றுக்கொடுத்தவன் குப்பத்தில் இருந்தால் ஆசிரியர் என்ற சொல்கூட ரவுடி என்ற பொருளுக்கு இறங்கிவிடுகிறது.

இப்போது சலாமுக்கு வருகிறேன். சிலம்பம் சுத்தமான தமிழ்க் கலை, அந்நியக் கலப்பே இல்லாதது என்று மேடையில் பேசுகிறார்கள். அதன் முதல் அடியே சலாம். அரபுச் சொல். மொஹரம் பண்டிகையை நம் சனங்கள் அல்லாசாமி பண்டிகை என்று சொல்வார்கள். அதில் புலி வேஷம் கட்டி ஆடியதும் கம்பு சுத்தியதும் நம் ஆட்கள்தான். பல்லாவரத்தில் தோல் ஷாப்புகளில் முஸ்லிம்களும் நம்மவர்களும் ஒரே நாற்றத்தில் வேலை செய்தவர்கள். பல்லாவரத்து மலையில் மாமல்லனின் அப்பன் மகேந்திரவர்மன் குடைந்த குகை ஒன்று இருக்கிறது. தன் பட்டப்பேர்களையெல்லாம் கல்லில் வெட்டி வைத்தான். அந்தக் குகை பிற்காலத்தில் முஸ்லிம்களின் வழிபாட்டு இடமாகிவிட்டது. ராஜாவின் பட்டங்கள் கல்லில் கிடக்கின்றன, படிக்க ஆளில்லை. சனங்களின் சலாம் கம்பில் இருக்கிறது, தினமும் சாயங்காலம் யாரோ ஒரு பையன் வைக்கிறான்.

சிலம்பத்தில் வகைகள் உண்டு. அவற்றின் பேர்களைத்தான் அந்த ஜெராக்ஸ் காகிதத்தில் முதலில் போட்டிருக்க வேண்டும். குறவஞ்சி, துலுக்காணம், பனையேறி மல்லு, கள்ளன்கம்பு, மறக்காணம், நாகதாளி, நாகசீறல். இந்தப் பட்டியலைச் சத்தமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். சோழ வரிசை இல்லை. பாண்டிய வீச்சு இல்லை. அகத்தியர் அடி இல்லை. குறவன் இருக்கிறான், துலுக்கன் இருக்கிறான், பனையேறி இருக்கிறான், பாம்பு இருக்கிறது. தோற்றம் என்ற தலைப்பில் முனிவரும் ராஜாவும். உள்ளே போய் அடிகளின் பேரைக் கேட்டால் உழைக்கிற சனங்கள்.

இலக்கியத்தில் குறவஞ்சி என்றால் குறி சொல்லும் குறத்தி. புலவர்கள் அவளை ரசித்து ரசித்து எழுதினார்கள். கம்பில் குறவஞ்சி என்றால் ஒரு ஆட்டமுறை. அந்தப் பேருக்குரிய சனங்களை வெள்ளைக்காரன் 1911ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்து, ரேகை வாங்கி, ஸ்டேஷனில் ஆஜராக வைத்தான். 1952இல் நாடு முழுக்க அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. சந்தேகம் நீங்கவில்லை. இன்றைக்கும் எங்காவது திருட்டு நடந்தால் அவர்கள் குடியிருப்பில்தான் முதலில் ஜீப் நிற்கிறது. பனையேறி என்பதை வசவாகவே சொன்னார்கள். கம்பில் மட்டும் அது வசவு இல்லை. ஒரு வித்தையின் பேர், எதிரியைத் திணற வைக்கிற முறையின் பேர்.

துலுக்காணத்தைப் பற்றி மெட்ராஸ்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துலுக்காணத்தம்மன் நம் தெய்வம். துலுக்காணம் என்று பேர் வைத்த கிழவர் இல்லாத சேரி இந்தப் பக்கம் இருந்ததில்லை. துலுக்கர் என்ற சொல்லிலிருந்து வந்த பேர் அது. அந்தப் பேரை அம்மனுக்கு வைத்தார்கள், அந்த அம்மன் பேரைப் பிள்ளைக்கு வைத்தார்கள், ஒரு வீச்சுக்கும் அதே பேர். யாரும் கலவரம் செய்யவில்லை. நம் சனங்கள் யாரிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டார்களோ அவர்கள் பேரை அதற்கு வைத்து நன்றி காட்டியிருக்கிறார்கள்.

நம் பேரில் ஒரு வகை இருக்கிறதா என்று கேட்கலாம். நான் அறிந்த பட்டியலில் பறையன் என்று ஒரு வரிசை இல்லை. ஆனால் அந்தப் பட்டியலில் உள்ள எல்லா வரிசைக்கும் அடிக்கிற அடி நம்முடையது. ஒலியிலிருந்து வந்த பேர் என்று அவர்கள் சொல்வது உண்மையானால், அந்தப் பேரில் நமக்கும் பங்கு உண்டு.

பேர் மாற்றிக் கலையை மேலே ஏற்றுவது நம் நாட்டில் மட்டும் நடந்ததில்லை. ப்ரூஸ் லீ படங்கள் வந்த பிறகு பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கமெல்லாம் தெருவுக்குத் தெரு கராத்தே வகுப்புகள் முளைத்தன. நானும் கொஞ்ச நாள் போனேன். கராத்தே என்றால் வெறுங்கை என்று சொல்லிக்கொடுத்தார்கள். முழு உண்மை அதில் இல்லை. அந்தக் கலை ஒகினாவா தீவில் வளர்ந்தது. தனி ராஜ்யமாக இருந்த அந்தத் தீவுகளை ஜப்பான் 1879இல் விழுங்கியது. அந்தச் சனங்கள் தங்கள் கலையை 'தீ' என்றார்கள். அவர்கள் பாஷையில் கை என்று அர்த்தம். நாம் கம்பு என்று சொன்ன மாதிரி அவர்கள் கை என்று சொன்னார்கள். கராத்தே என்ற சொல்லை முதலில் 'சீனக் கை' என்ற எழுத்துகளால்தான் எழுதினார்கள். கற்றுக்கொடுத்த சீனாவுக்கு அந்தப் பேரிலேயே நன்றி இருந்தது. ஜப்பானிய அமைப்புகளுக்குள் இடம் பிடிக்க வேண்டிய நெருக்கடி வந்தபோது அந்த எழுத்து இடைஞ்சலானது. 1936 அக்டோபரில் நாஹா நகரத்தில் ஆசான்கள் கூடி, அதே ஓசை வருகிற வேறு எழுத்தில் 'வெறுங்கை' என்று எழுத ஒப்புக்கொண்டார்கள். அடுத்த வருஷம் ஜப்பான் சீனாவின் மேல் முழுப் போர் தொடுத்தது. வாயில் வருகிற ஓசை மாறவில்லை. காகிதத்தில் இருந்து சீனாக்காரன் மட்டும் காணாமல் போனான்.

பிரேசிலில் நடந்தது வேறு மாதிரி. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் வளர்த்த கலை கப்போயிரா. ஆட்டம், பாட்டு, தாளம், உதை எல்லாம் சேர்ந்தது. நம் சாவு ஊர்வலத்தைப் பார்த்தவனுக்கு அது அந்நியமாகத் தெரியாது. 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. 1890இல் வந்த தண்டனைச் சட்டம் கப்போயிரா ஆடுவதைக் குற்றமாக்கியது. விலங்கைக் கழற்றிய ரெண்டே வருஷத்தில், அந்தக் கைகாலின் வித்தைக்கு விலங்கு. கப்போயிரா என்ற அதே சொல் ஆட்டத்தையும் குறித்தது, அதை ஆடுகிற 'ரவுடி'யையும் குறித்தது. நம் வஸ்தாதுக்கு நடந்ததுதான். 1930களில் மெஸ்த்ரே பிம்பா என்ற கறுப்பின ஆசான் தன் முறைக்குக் கப்போயிரா என்று பேர் சொல்லாமல் 'பையா வட்டாரச் சண்டை' என்று பேர் வைத்தார். அப்படித்தான் 1937இல் அவர் பள்ளிக்கு அரசுப் பதிவு கிடைத்தது. 2014இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியம் என்று ஏற்றுக்கொண்டபோது நின்றது பழைய பேர்தான். அடிமைகளின் பேர்.

ஒகினாவாக்காரன் பேரைச் சுத்தம் செய்து உள்ளே போனான். பிரேசில் கறுப்பன் பேரை ஒளித்து வைத்து, காலம் வந்தபோது வெளியே எடுத்தான். நாம் என்ன செய்யப்போகிறோம்?

சிலம்பம் வளரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். நல்லது. தாத்தா காலத்தில் பெண்பிள்ளைக்குக் கம்பு கிடையாது. இன்று என் தங்கச்சி மகள் சுத்துகிறாள். அதைவிட நல்லது. சிலம்பம் என்ற பேரின்மேல் எனக்குப் பகையில்லை. நல்ல சொல். மலையும் ஒலியும் இருக்கிற சொல். அந்தச் சொல்லுக்குள் ஆட்களை விடாமல் கதவை அடைக்கிற காரியத்தைத்தான் எதிர்க்கிறேன்.

1907இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் நமக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பண்டிகையின் பேர், சாதியின் பேர், சாமியின் பேர் எதுவானாலும் அப்படியே வாங்கி மடியில் கட்டிக்கொள்ளாதே, பிரித்துப் பார், யார் வைத்தது, யாரை இழிவாக்க வைத்தது என்று கேள். அவர் சொன்ன ஒவ்வொரு விளக்கத்தையும் ஏற்கலாம், மறுக்கலாம். கேட்கிற அந்தப் பழக்கத்தை விடக்கூடாது. சண்டைக் கலைகளின் பேரிலும் அதைக் கேட்க வேண்டும்.

மாணவர்கள், தோழர்கள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பக்கத்துச் சேரிகளில் கம்பு வாத்தியார்கள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். எழுபது எண்பது வயசு. சான்றிதழ் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் வீச்சுக்கும் அவர்கள் சொல்கிற பேரை அவர்கள் வாயால் சொன்னபடியே எழுதி வாங்குங்கள். செந்தமிழாக்கித் திருத்தாதீர்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள். அவர் யாரிடம் கற்றார் என்றும் கேளுங்கள். மூன்று தலைமுறை போனால் சாதி தாண்டும், மதம் தாண்டும், கள்ளுக்கடையும் தர்காவும் கல்குவாரியும் வரும். அகத்தியர் வந்தால் அவரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். தாத்தா சுத்தியது கம்பு. நீ சுத்துவது சிலம்பம். இரண்டும் ஒன்று. தேர்வில் தோற்றம் எழுதச் சொன்னால், அவர்கள் கொடுத்ததை எழுதிவிட்டு, கீழே குறவர், துலுக்கர், பனையேறி, பறையர் என்று நாலு பேரையும் சேர்த்து எழுது. மார்க் குறைத்தால் எந்த இடத்தில் குறைத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டுவிட்டு வா. அந்தக் காரணத்தையும் நாம் எழுதி வைப்போம்.